கற்றல் குறைபாடு உள்ளோருக்கும் பயன்படும் இணையதளம்: புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

அணுகல்தன்மை, அதாவது குறைபாடு உள்ளவர்களும் தளத்தைப் பயன்படுத்த முடிவது, என்றதும் திரைவாசிப்பானில் (திரையில் உள்ளதை உரக்கப் படிக்கும் கருவியில்) பக்கம் ஒலிக்கிறதா, நிறங்கள் தெளிவாகத் தெரிகின்றனவா, விசைப்பலகையை மட்டும் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் இயக்க முடிகிறதா என்று பார்த்துவிட்டுப் பல வடிவமைப்பாளர்கள் நிறுத்திக்கொள்கிறார்கள். இவை மூன்றும் கட்டாயம் தேவை. ஆனால், திரை நன்றாகத் தெரிந்தும், பொத்தானை அழுத்த முடிந்தும், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று புரியாமல் திகைத்து நிற்கும் மனிதருக்கு இவை மட்டும் போதாது. அந்த மனிதருக்காகச் செய்ய வேண்டிய வேலை பெரும்பாலும் எழுத்திலும் பக்க ஒழுங்கிலும் இருக்கிறது. நிரல் எழுதத் தெரியாதவர்கூட அதில் பாதியைச் செய்துவிடலாம்.

எல்லாப் படிகளுக்கும் அடியில் ஓடுவது ஒரே கேள்விதான்: நினைவில் வைத்துக்கொள்வது, ஊகிப்பது, ஒப்பிட்டுப் பார்ப்பது ஆகிய வேலைகளை யார் செய்கிறார்கள், பக்கமா, பயனரா? பக்கம் செய்யக்கூடிய எதையும் பயனரின் தலையில் ஏற்றக் கூடாது.

1. யாருக்காகச் செய்கிறோம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

டிஸ்லெக்சியா உள்ளவருக்கு அறிவுக்கூர்மையில் குறை எதுவும் இல்லை. எழுத்தைப் படிப்பதும், எழுத்துப்பிழை இல்லாமல் எழுதுவதும்தான் அவருக்குக் கடினம். டிஸ்கால்குலியா உள்ளவர் எண்களில் தடுமாறுகிறார். கவனக்குறைபாடு உள்ளவருக்குப் பக்கத்தின் ஓரத்தில் ஏதாவது அசைந்தாலே படித்த வரி கைநழுவிப் போகிறது. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களில் பலருக்குப் புதிய சொல், நீண்ட வாக்கியம், பல படிகள் கொண்ட வேலை ஆகிய எல்லாமே சுமை. டவுன் சின்ட்ரோம் உள்ளவர்கள் பலரும் இந்தப் பிரிவில் வருவார்கள். ஒருவரிடமே இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்திருப்பதும் உண்டு.

இத்தனை பேருக்கும் பொருந்தும் ஒரே தீர்வு இல்லை. எனவே, குறைபாடுகளின் பட்டியலை எடுத்துவைத்துக்கொண்டு தொடங்காதீர்கள். உங்கள் தளத்துக்கு வருகிறவர் எந்த வேலையை முடிக்க வருகிறார் என்று எழுதுங்கள். நூலகத் தளம் என்றால் ‘இன்று திறந்திருக்கிறதா என்று பார்க்க’, ‘எடுத்த புத்தகத்துக்குத் தவணை நீட்டிக்க’ என்று நான்கைந்து வேலைகள் வரும். அந்த வேலைகளை முதல் சொடுக்கிலிருந்து கடைசி வரை நீங்களே ஒருமுறை செய்து பார்த்து, எங்கெல்லாம் எதையாவது நினைவில் வைக்க வேண்டியிருந்தது, எங்கெல்லாம் ஊகிக்க வேண்டியிருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்புதான் உங்கள் வேலைத் திட்டம்.

உலகளாவிய வலைச் சங்கமான டபிள்யூ3சி வெளியிடும் வலை உள்ளடக்க அணுகல்தன்மை நெறிமுறைகளை (டபிள்யூ.சி.ஏ.ஜி.) பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 2023 அக்டோபரில் வந்த 2.2 பதிப்பில், நினைவாற்றலையும் புரிதலையும் சார்ந்த விதிகள் முன்பைவிடக் கூடியிருக்கின்றன. அதே சங்கம் 2021இல் அறிவாற்றல், கற்றல் குறைபாடுகளுக்கென்றே ஒரு தனி வழிகாட்டுக் குறிப்பையும் வெளியிட்டது. நெறிமுறைகளை எட்டிவிட்டாலே பக்கம் புரிந்துவிடும் என்று மட்டும் எண்ண வேண்டாம். தானியங்கிச் சோதனைக் கருவிகளால் படத்துக்கு மாற்று உரை (படத்தில் உள்ளதைச் சொல்லும் எழுத்து) இருக்கிறதா என்று சொல்ல முடியும். அந்த வாக்கியம் ஒருவருக்குப் புரிந்ததா என்று சொல்ல முடியாது.

2. சொற்களைச் சரிசெய்யுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். தமிழ்த் தளங்களில் மிகப் பெரிய தடை அலுவலக நடையில் எழுதப்பட்ட வாக்கியங்கள்தான். இப்படி ஒரு வரியை எடுத்துக்கொள்வோம்:

“விண்ணப்பதாரர்கள் தங்களது அடையாளச் சான்றின் நகலைப் பதிவேற்றம் செய்யத் தவறும்பட்சத்தில் விண்ணப்பம் பரிசீலனைக்கு எடுத்துக்கொள்ளப்படமாட்டாது.”

படிப்பவர் முதலில் ‘விண்ணப்பதாரர்’ என்பது தன்னைத்தான் குறிக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். பிறகு ‘தவறும்பட்சத்தில்’, ‘படமாட்டாது’ என்ற இரண்டு எதிர்மறைகளையும் மனத்துக்குள் கழித்து, ‘அப்படியானால் நான் சேர்க்க வேண்டும்’ என்ற முடிவுக்கு வர வேண்டும். செய்ய வேண்டிய செயல் என்ன என்பதை அந்த வாக்கியம் நேராகச் சொல்லவே இல்லை. இதையே இப்படி எழுதலாம்:

“உங்கள் அடையாள அட்டையின் படத்தை இங்கே சேருங்கள்.
படம் இருந்தால்தான் உங்கள் விண்ணப்பத்தைப் பார்ப்போம்.”

பொருள் ஒன்றும் குறையவில்லை. மரியாதையும் குறையவில்லை. படிப்பவரை ‘நீங்கள்’ என்று நேராக அழைத்து, செய்ய வேண்டியதை முதலில் சொல்லி, காரணத்தை அடுத்த வரிக்குத் தள்ளியிருக்கிறோம், அவ்வளவுதான். ஒரு வாக்கியத்தில் ஒரு செய்தி. செயப்பாட்டு வினைக்குப் பதில் செய்வினை. எதிர்மறைக்குப் பதில் உடன்பாடு. இந்த மூன்றையும் கடைப்பிடித்தாலே பக்கத்தின் முகம் மாறிவிடும்.

தமிழுக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. விகுதிகளையும் துணைவினைகளையும் ஒட்டிக்கொண்டே போனால் ‘விண்ணப்பித்துக்கொண்டிருப்பவர்களுக்கானது’ என்பது போன்ற சொல் வந்துவிடும். எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படிக்கிறவர் அதன் முடிவுக்கு வருவதற்குள் தொடக்கத்தை மறந்திருப்பார். இலக்கணத்தை உடைக்கச் சொல்லவில்லை. அத்தகைய சொல் வந்தால் வாக்கியத்தையே மாற்றி எழுதுங்கள் என்கிறேன். பிரித்து எழுத இடம் இருக்கும் இடங்களில் பிரித்தே எழுதுங்கள்.

ஒரு பொருளுக்குத் தளம் முழுவதும் ஒரே பெயர் இருக்க வேண்டும். மெனுவில் ‘பதிவு’, தலைப்பில் ‘முன்பதிவு’, பொத்தானில் ‘ஒதுக்கீடு’ என்று மாற்றி மாற்றி எழுதினால், இவை மூன்றும் வெவ்வேறு என்றே பலர் நினைப்பார்கள். சொல் திரும்பத் திரும்ப வருவது பள்ளிக் கட்டுரையில் குறையாக இருக்கலாம். இங்கே அது பெரிய உதவி. அதேபோல், தூய சொல்லா, வழங்கும் சொல்லா என்ற கேள்வி எழுந்தால் மக்கள் வாயில் இருப்பதையே எடுங்கள். ‘டிக்கெட்’ என்றால் எல்லோருக்கும் தெரியும் என்றால் ‘டிக்கெட்’ என்றே எழுதுங்கள். உவமை, சிலேடை, பழமொழி எதுவும் வேண்டாம். சொல்லை அப்படியே நேர்ப்பொருளில் எடுத்துக்கொள்கிறவர்கள் நம் வாசகர்களில் இருக்கிறார்கள்.

எண்களை எழுத்தில் எழுதாமல் இலக்கத்தில் எழுதுங்கள். ‘30 விழுக்காட்டினர்’ என்பதைவிட ‘10 பேரில் 3 பேர்’ எளிது. தேதியை ‘05/03/25’ என்று போட்டால் நாள் எது, மாதம் எது என்ற குழப்பம் வரும். ‘2025 மார்ச் 5, புதன்கிழமை’ என்று முழுதாக எழுதுங்கள்.

3. எழுத்தின் தோற்றம்

இதில் அதிகம் சிந்திக்க வேண்டியதில்லை. சில அளவுகளைப் பின்பற்றினால் போதும். தெளிவான, அலங்காரம் இல்லாத எழுத்துரு. வரி இடைவெளி எழுத்தின் அளவைப் போல் 1.5 மடங்கு. தமிழில் புள்ளிகள் மேலேயும் உகர வளைவுகள் கீழேயும் நீள்வதால், இடைவெளி குறைந்தால் மேல்வரியும் கீழ்வரியும் முட்டிக்கொள்ளும். இன்னும் கொஞ்சம் கூட்டினாலும் தவறில்லை. இடப்பக்கம் மட்டும் ஒழுங்கு செய்யுங்கள். செய்தித்தாள்போல் இரு பக்கமும் நேராக்கினால், நீளமான தமிழ்ச் சொற்களுக்கு இடையில் தாறுமாறான வெற்றிடங்கள் விழுந்து கண்ணை இழுக்கும். ஒரு வரி 80 எழுத்துகளைத் தாண்ட வேண்டாம். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளி மாறுபாடு (கான்ட்ராஸ்ட்) குறைந்தது 4.5:1 இருக்க வேண்டும். பளிச்சென்ற வெள்ளையில் கருப்பு எழுத்து சிலருக்குக் கண்ணைக் கூசச் செய்யும் என்பதால், பின்னணியை மெல்லிய வெளிர்நிறமாக வைப்பது நல்லது. டிஸ்லெக்சியாவுக்கென்று தனி எழுத்துருக்கள் இருக்கின்றன. விரும்புகிறவர்கள் அவற்றைத் தேர்ந்தெடுக்க வழி செய்யலாம்; ஆனால் உங்கள் நேரத்தை இடைவெளிக்கும் சொற்களுக்கும் செலவிடுவதே அதிகப் பலன் தரும்.

பலர் படிப்பதோடு கேட்கவும் செய்வார்கள், அல்லது கேட்க மட்டுமே செய்வார்கள். பக்கத்தை உரக்கப் படிக்கும் வசதி இயங்க மூன்று நிபந்தனைகள் உண்டு. எழுத்து ஒருங்குறியில் (யூனிகோடில்) இருக்க வேண்டும். பழைய எழுத்துரு முறைகளில் தட்டச்சு செய்த உரையைக் கருவி வாசித்தால் பொருளற்ற ஒலிகள்தான் வரும். பக்கத்தின் மொழி தமிழ் என்று நிரலில் குறிப்பிட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் வேற்றுமொழிக் குரல் தமிழைப் படிக்க முயலும். மூன்றாவதாக, அறிவிப்பைப் படமாக மாற்றி ஒட்டக் கூடாது. வடிவமைத்த சுவரொட்டியை அப்படியே பக்கத்தில் போடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அதில் உள்ள ஒரு சொல்லும் ஒலியாக வெளிவராது, பெரிதாக்கினால் மங்கிப்போகும், தேடினாலும் கிடைக்காது.

4. படங்கள்

அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கும் புரியும்படி எழுதும் ‘எளிய வாசிப்பு’ (ஈஸி ரீட்) முறையில் அமைந்த பக்கங்களில் ஒவ்வொரு செய்திக்கும் அருகில் ஒரு படம் இருக்கும். படம் அழகுக்காக அல்ல, அந்த வாக்கியம் எதைப் பற்றியது என்று காட்டுவதற்காக. ‘கட்டணத்தைக் கவுண்டரில் கட்டுங்கள்’ என்றால் அந்தக் கவுண்டரின் புகைப்படத்தையே போடுங்கள். நேரில் போகும்போது அடையாளம் தெரியும். சிரிக்கும் மனிதர்கள் கைகுலுக்கும் பொதுப் படங்கள் எதையும் சொல்வதில்லை, அவற்றை எடுத்துவிடுங்கள்.

சின்னங்களைத் தனியாக விடாதீர்கள். மூன்று கோடுகள் என்றால் மெனு, பற்சக்கரம் என்றால் அமைப்புகள் என்பது பழகியவர்களுக்குத்தான் தெரியும். சின்னத்துக்குப் பக்கத்தில் சொல்லும் இருக்கட்டும்.

இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டாத ஒன்று: பெரியவர்களுக்கான பக்கத்தில் குழந்தைப் படங்களும் பொம்மை எழுத்துகளும் கூடாது. வாக்களிப்பது, வேலை தேடுவது, மருத்துவரைப் பார்ப்பது எல்லாம் வளர்ந்தவர்களின் வேலைகள். எளிமையாக எழுதுவது வேறு, மழலையாக எழுதுவது வேறு. ‘ஆஹா, சூப்பர்! நீங்கள் படிவத்தை முடித்துவிட்டீர்கள்!’ என்று 40 வயதுக்காரரைத் தட்டிக்கொடுக்கும் பக்கம் அவரை அவமதிக்கிறது.

5. வழி தவறாத அமைப்பு

மெனு எல்லாப் பக்கத்திலும் ஒரே இடத்தில், ஒரே வரிசையில் இருக்கட்டும். ‘உதவி’ இணைப்பும் அப்படியே, நெறிமுறைகளின் 2.2 பதிப்பு இதைத் தனி விதியாகவே சேர்த்திருக்கிறது. சுட்டியை மேலே கொண்டுபோனால் விரிந்து, கொஞ்சம் நகர்ந்தால் மறைந்துவிடும் மெனுக்களைத் தவிருங்கள். இணைப்பைப் புதிய தாவலில் திறக்காதீர்கள். திரும்பிப் போகும் பொத்தான் அங்கே வேலை செய்யாததால், வந்த வழியே தொலைந்துபோனதாகத் தோன்றும். ‘இங்கே சொடுக்குங்கள்’ என்று எழுதாமல் ‘நூலக நேரங்களைப் பாருங்கள்’ என்று போகும் இடத்தைச் சொல்லுங்கள்.

தானாக உருளும் செய்திப் பட்டை, தானே மாறும் படவரிசை, தானே ஒலிக்கும் காணொளி எதுவும் வேண்டாம். அசைவது 5 நொடிக்கு மேல் நீடித்தால் அதை நிறுத்த வசதி தர வேண்டும் என்று நெறிமுறை சொல்கிறது. அசையாமலே இருந்தால் அந்தக் கேள்வியே எழாது. படித்துக்கொண்டிருக்கும்போது குறுக்கே பாயும் பாப்-அப்களும் இந்தக் கணக்கில்தான் வரும்.

தேடல் பெட்டியைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். டிஸ்லெக்சியா உள்ளவர் மெனுவில் அலைவதைவிடத் தேடுவதை விரும்பலாம், ஆனால் எழுத்துப்பிழையோடுதான் தேடுவார். தமிழில் ல, ள, ழ, ர, ற, ந, ன, ண ஆகியவை தடுமாறும் இடங்கள். ‘வின்னப்பம்’ என்று தேடினால் ‘முடிவுகள் இல்லை’ என்று வந்தால், தன் பிழை என்று அவருக்குத் தெரியாது. தளத்தில் விண்ணப்பமே இல்லை என்று போய்விடுவார். உங்கள் தளத்தின் முக்கியமான சொற்களுக்கு இந்த எழுத்துகளை மாற்றிப் போட்ட வடிவங்களை எல்லாம் பட்டியலிட்டு, சரியான முடிவுக்குத் திருப்பிவிடுங்கள். தட்டச்சு செய்யும்போதே கீழே பரிந்துரைகள் விரிந்தால் இன்னும் நல்லது. பிழையின்றி எழுதுவது கடினமாக இருப்பவருக்கும் சரியான சொல்லைப் பார்த்து அடையாளம் காண்பது எளிதாக இருக்கலாம்.

6. படிவம்

மக்கள் மிக அதிகமாகக் கைவிடுவது இங்கேதான். மருத்துவரைப் பார்க்க நேரம் பதிவு செய்யும் படிவம் ஒன்றை எடுத்துக்கொண்டு நடந்து பார்ப்போம்.

தொடங்கும் முன்பே என்னென்ன தேவை என்று சொல்லிவிடுங்கள்: ‘உங்கள் மருத்துவ அட்டையை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இதற்குச் சுமார் 5 நிமிடம் ஆகும்.’ பாதியில் எழுந்துபோய் அட்டையைத் தேடிவிட்டு வந்தவர் விட்ட இடத்தைக் கண்டுபிடிப்பது கடினம்.

ஒரு திரையில் ஒரு கேள்வி. மேலே ‘6இல் 2ஆவது கேள்வி’ என்று இருக்கட்டும். கேள்வியின் தலைப்பைப் பெட்டிக்கு மேலே வையுங்கள், பெட்டிக்குள் அல்ல. பெட்டிக்குள் மங்கலாக ‘பிறந்த தேதி’ என்று எழுதியிருந்தால், தட்டச்சு செய்யத் தொடங்கியதும் அது மறைந்துவிடும். என்ன கேட்டார்கள் என்பதை அவர் நினைவில் வைத்தாக வேண்டும். பிறந்த தேதிக்கு நாட்காட்டி தராதீர்கள். 1978ஆம் ஆண்டு வரை மாதம் மாதமாகப் பின்னுக்குப் போவது யாருக்கும் கொடுமை. நாள், மாதம், ஆண்டு என்று மூன்று பெட்டிகள் போதும். மருத்துவரைப் பார்க்கும் நாளைத் தேர்ந்தெடுக்கத்தான் நாட்காட்டி உதவும். அங்கும் காலியாக உள்ள நாட்களை மட்டும் கிழமையோடு வரிசையாகக் காட்டினால் இன்னும் தெளிவு.

தொலைபேசி எண்ணை இடைவெளி விட்டு எழுதினாலும், விடாமல் எழுதினாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். இடைவெளியை நீக்குவது நிரலுக்கு ஒரு வரி வேலை. முதல் திரையில் தந்த பெயரை ஐந்தாவது திரையில் மீண்டும் கேட்காதீர்கள், இதுவும் 2.2 பதிப்பில் அடிப்படை நிலை விதி (நெறிமுறைகளில் உள்ள மூன்று நிலைகளில் முதலாவது).

பிழை நேர்ந்தால் ‘தவறான உள்ளீடு’ என்ற சிவப்பு எழுத்து மட்டும் போதாது. ‘தொலைபேசி எண்ணில் 10 இலக்கங்கள் வேண்டும். நீங்கள் 9 எழுதியிருக்கிறீர்கள்’ என்று அந்தப் பெட்டிக்கு அருகிலேயே சொல்லுங்கள். ஏற்கெனவே நிரப்பியது எதையும் அழிக்காதீர்கள். ஒரே ஒரு பிழைக்காகப் படிவம் முழுவதும் வெறுமையானதைப் பார்த்தவர் இரண்டாம் முறை அந்தத் தளத்துக்கு வர மாட்டார்.

நேரக்கெடு வைக்காமல் இருப்பதே நல்லது. பாதுகாப்புக்காக வைத்தே ஆக வேண்டும் என்றால், முடியும் முன் எச்சரித்து, ஒரே பொத்தானில் நீட்டிக்க விடுங்கள். எச்சரிக்கைக்குப் பதில் தர குறைந்தது 20 நொடி தர வேண்டும், குறைந்தது 10 முறை நீட்டிக்க இடம் இருக்க வேண்டும் என்பது நெறிமுறை. பாதியில் சேமித்துவிட்டு நாளை தொடரும் வசதி இருந்தால், உதவிக்கு ஒருவர் வரும்வரை காத்திருக்கலாம்.

கடைசித் திரையில் எல்லா விடைகளையும் காட்டி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ‘மாற்று’ என்று வையுங்கள். பணம் கட்டுவது, பதிவை நீக்குவது போன்றவற்றுக்கு முன் என்ன நடக்கப்போகிறது என்று ஒரே வரியில் சொல்லி ஒப்புதல் கேளுங்கள். முடிந்ததும் ‘நன்றி’ மட்டும் சொல்லி விட்டுவிடாமல், பதிவாகிவிட்டது, எந்த நாள், எத்தனை மணி, என்ன கொண்டுவர வேண்டும் என்று அச்சிடக்கூடிய பக்கமாகக் கொடுங்கள்.

7. உள்நுழைவு

கடவுச்சொல்லை நினைவில் வைத்துத் தட்டச்சு செய்வது, குறுஞ்செய்தியில் வந்த எண்ணைப் பார்த்து எழுதுவது, நெளிந்த எழுத்துகளைப் படித்துச் சொல்வது எல்லாம் நினைவாற்றலுக்கும் வாசிப்புக்கும் வைக்கும் தேர்வுகள். இத்தகைய தேர்வை உள்நுழைவின் ஒரே வழியாக வைக்கக் கூடாது என்பது இப்போதைய விதி. கடவுச்சொல் பெட்டியில் ஒட்டுவதைத் தடுக்காதீர்கள், எழுதியதைக் காட்டும் வசதி கொடுங்கள், உலாவி தானே நிரப்ப விடுங்கள். மின்னஞ்சலுக்கு வரும் இணைப்பை அழுத்தினாலே உள்ளே போகலாம் என்பது நல்ல மாற்று. பேருந்து உள்ள கட்டங்களைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் படப் புதிரை அந்த விதி இரண்டாம் நிலையில் அனுமதிக்கிறது. என்றாலும் அதைப் போடாதீர்கள் என்றுதான் சொல்வேன். தானியங்கி நிரல்களைச் சேவையகப் பக்கத்திலேயே தடுக்க வழிகள் இருக்கின்றன.

8. அவர்களோடு உட்கார்ந்து சோதியுங்கள்

வடிவமைத்தவருக்கு எளிமையாகத் தெரிவது சான்று ஆகாது. ஐரோப்பாவில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்காக இயங்கும் இன்க்ளூஷன் யூரோப் அமைப்பின் எளிய வாசிப்புச் சின்னத்தைப் பயன்படுத்த வேண்டுமானால், அறிவுசார் குறைபாடு உள்ள ஒருவராவது அந்த உரையைப் படித்துச் சரிபார்த்திருக்க வேண்டும். சின்னம் வேண்டுமோ வேண்டாமோ, அந்த நிபந்தனையை நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாறு பேர் போதும். வேலைக்கு ஊதியம் கொடுங்கள். அவர்கள் தருவது நிபுணரின் கருத்து.

அழைப்பும் ஒப்புதல் படிவமும் எளிய நடையில் இருக்கட்டும். அமர்வு நீளாமல், நடுவில் இடைவேளையோடு இருக்கட்டும். ‘இது எளிதாக இருக்கிறதா?’ என்று கேட்காதீர்கள். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களில் பலர், எதிரில் இருப்பவரை மகிழ்விக்க ‘ஆம்’ என்றே சொல்வார்கள். வாழ்நாள் முழுவதும் அப்படிச் சொல்லப் பழக்கப்படுத்தப்பட்டவர்கள் அவர்கள். ‘நூலகம் நாளை எத்தனை மணிக்குத் திறக்கும் என்று கண்டுபிடியுங்கள்’ என்று ஒரு வேலையைக் கொடுத்துவிட்டு அமைதியாகப் பாருங்கள். ‘இந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள்?’ என்று கேளுங்கள். விரல் எங்கே தயங்குகிறது, கண் எங்கே திரும்பத் திரும்பப் போகிறது என்பதையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். துணைக்கு வந்தவர் அருகில் இருக்கலாம், ஆனால் சோதனையில் பங்கேற்பவருக்குப் பதிலாக விடை சொல்லக் கூடாது என்பதை முன்பே பணிவாகப் பேசிவிடுங்கள். யாராவது தடுமாறினால் ‘இது பக்கத்தின் குறை, அதைக் கண்டுபிடிக்கத்தான் உங்களை அழைத்தோம்’ என்று உடனே சொல்லுங்கள்.

9. வெளியிட்ட பிறகு

‘எளிய பதிப்பு’ என்று தனியாக ஒரு பக்கம் செய்து, அதை யாரும் கண்டுகொள்ளாமல் விடுவது அடிக்கடி நடக்கிறது. மூலப் பக்கத்தில் நேரம் மாறியிருக்கும், எளிய பக்கத்தில் பழைய நேரமே இருக்கும். எனவே முதன்மைப் பக்கத்தையே முடிந்தவரை எளிதாக்குங்கள். சட்டம், மருத்துவம் போலச் சுருக்க முடியாத செய்திகளுக்கு மட்டும் எளிய வாசிப்புப் பதிப்பு செய்து, இரண்டையும் ஒருவரே ஒன்றாகப் புதுப்பிக்கும்படி பொறுப்புக் கொடுங்கள். ஓரத்தில் மிதக்கும் ‘அணுகல்தன்மைக் கருவி’யை விலைக்கு வாங்கி ஒட்டுவது இதற்கு ஈடாகாது, எழுத்தைப் பெரிதாக்குவதால் குழப்பமான வாக்கியம் தெளிவாகிவிடாது.

தளத்தின் தோற்றத்தை மாற்றும்போது கூடுதல் கவனம் வேண்டும். ஒரு வழியைப் பலமுறை செய்து மனப்பாடமாக்கி வைத்திருப்பவருக்கு, பொத்தான் இடம் மாறினாலே எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். சில வாரங்கள் முன்பே பழைய பக்கத்தில் அறிவியுங்கள். எது எங்கே போகிறது என்று பழைய, புதிய திரைகளின் படங்களை அருகருகே வைத்துக் காட்டுங்கள். முடிந்தால் பழைய முகவரிகளைப் புதிய பக்கங்களுக்குத் திருப்பிவிடுங்கள். பலர் ஒரு குறிப்பிட்ட பக்கத்தைச் சேமித்து வைத்துக்கொண்டு அதன் வழியாகவே வருவார்கள். தொலைபேசியில் பேச ஒரு மனிதர் இருக்கும் எண்ணை எல்லாப் பக்கத்திலும் போடுங்கள். அந்த எண்ணுக்கு வரும் கேள்விகளை எழுதிவைக்கச் சொல்லி, ஒரே கேள்வி மூன்றாம் முறை வந்தால் அந்தப் பக்கத்தைத் திருத்துங்கள்.